முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆபீஸிலும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸிலும் கம்பெனி அக்கவுண்ட்ஸிலும் இன்று நல்ல நிலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் மட்டும் பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை படிக்கவும். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு பையன் என்னை நிறுத்தினான். நான் ஓய்வு பெற்ற வருடம் பிளஸ் டூ முடித்தவன். இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. மதியம்தான் கல்லூரி என்பதால் காலையில் மண்ணடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை முழு நாள். மாதம் 6,000 ரூபாய்.

"சார், கன்டெய்னர் யார்டுல டேட்டா என்ட்ரி வேலை வந்திருக்கு. நைட் ஷிஃப்ட். 14,000 தராங்க. அப்பா போகச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல சார்" என்றான்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். ஹார்பர் வாசலில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் ட்ரிப் குறையும், ட்ரிப் குறைந்தால் வீட்டில் பணம் குறையும். 6,000 எங்கே, 14,000 எங்கே? நானே அந்த வீட்டில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

"நாளைக்கு வீட்டுக்கு வாப்பா, பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு இன்னொரு மாணவன் வந்தான். கணக்குப்பதிவியலில் 200-க்கு 196 வாங்கியவன். ஒரு பக்கம் சின்ன ஆடிட்டர் ஆபீஸ், கைச்செலவுக்குத்தான் காசு. இன்னொரு பக்கம் பெரிய குடோனில் பில் என்ட்ரி, நல்ல சம்பளம். நான் யோசிக்கவே இல்லை. "வீட்டுக் கஷ்டம் தீரட்டும்டா, எங்க சம்பளம் ஜாஸ்தியோ அங்க போ" என்று சொல்லிவிட்டேன்.

சென்ற ஆண்டு அவனைத் தேரடியில் பார்த்தேன். இன்னமும் என்ட்ரிதான் போடுகிறான். கம்பெனி மாறியிருக்கிறது, சாஃப்ட்வேர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரு பேலன்ஸ் ஷீட்டை முழுசா உட்கார்ந்து பார்த்ததில்லை சார்" என்றான். என் மேல் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 196 வாங்கிய பிள்ளை!

எங்கே தவறினேன் என்று பிறகு யோசித்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். வேலை நேரம் கேட்டேன். பி.எஃப். உண்டா என்றுகூடக் கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: "அங்கே நீ தப்பு பண்ணினா, உன்னை உட்கார வெச்சுத் திருத்தறது யாரு?"

அக்கவுண்ட்ஸ் படிக்கும் பிள்ளையின் முதல் வேலைக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி என்பது என் கருத்து. சம்பளம் இரண்டாவது.

இதை நன்றாகப் புரிய வைத்தவன் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன்தான். மறுநாள் வீட்டுக்கு வந்தபோது, ஆபீஸில் என்ன கற்றாய் என்று கேட்டேன். ஒரு நாள் ட்ரையல் பேலன்ஸ் 1,800 ரூபாய் இடித்ததாம். டேலி இருக்கும்போது எப்படி இடிக்கும் என்று கேட்டேன். ஒரு பழைய பார்ட்டி இன்னும் நோட்டில்தான் கணக்கு எழுதுகிறாராம். ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அங்கே இருபது வருட அனுபவமுள்ள ஒரு அக்கா இருக்கிறார். அவர் வந்து, "1,800-ஐ 9-ஆல வகுத்துப் பாருடா" என்றாராம். மிச்சமில்லாமல் வகுபடுகிறது. "அப்படின்னா எங்கேயோ ரெண்டு இலக்கத்தை மாத்தி எழுதியிருக்கு, தேடு." 46,850 என்பதை 48,650 என்று எழுதியிருந்தது பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்பதை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கரும்பலகையில் கேட்டதும், வேர்த்து விறுவிறுத்துத் தேடும்போது ஒருவர் காதில் சொன்னதும் ஒன்றாகுமா? முன்னது பரீட்சையோடு போகும். பின்னது உயிருள்ளவரை மறக்காது.

இன்னொரு நாள் ஒரு கொள்முதல் பில்லைத் தமிழ்நாட்டுக்குள் வாங்கியதாகப் போட்டுவிட்டான். அக்கா திட்டவில்லை. "ஜி.எஸ்.டி. நம்பரோட முதல் ரெண்டு எண்ணு என்ன?" என்று மட்டும் கேட்டார். 37. அது ஆந்திரா. நம்முடையது 33. வெளிமாநிலக் கொள்முதலுக்கு ஐ.ஜி.எஸ்.டி. வர வேண்டும். அவன் பிரித்துப் போட்டது சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. அன்றிலிருந்து எந்த பில்லைப் பார்த்தாலும் அவன் கண் முதலில் அந்த இரண்டு எண்ணுக்குத்தான் போகிறதாம்.

இந்த இரண்டு திருத்தங்களுக்கு அந்த அக்காவுக்கு மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். பையனுக்கு அது ஒரு செமஸ்டர்.

யார்டு வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அது உழைப்பு, கௌரவமான வேலை. ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்குக் கன்டெய்னர் நம்பரை அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யார் இருப்பார்கள்? மறுநாள் மதியம் கல்லூரியில் தூங்கி வழிவான்.

நம் பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. என்ஃபீல்டு வண்டி இங்கே உருவானது. எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறது. துறைமுகம் ஒரு பக்கம். நம் வீட்டு ஆண்கள் இந்த ஆலைகளுக்கும் ஹார்பருக்கும் உடம்பைக் கொடுத்தார்கள். ஆனால் கணக்கு எழுதும் மேஜையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்? இந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பின்னால் பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர், ஈ-வே பில், லாரி ரசீது என்று ஒரு கட்டுக் காகிதம் போகிறது. சரக்கு நம் தெரு வழியாகத்தான் போகிறது. அதன் கணக்கும் நம் பிள்ளைகள் கைக்கு வர வேண்டாமா?

கிளியரிங் ஏஜென்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கட்டணம், ஷிப்பிங் லைன் கட்டணம் போன்றவற்றை இறக்குமதியாளர் சார்பில் ஏஜென்ட் கட்டிவிட்டு, கட்டியதை மட்டும் அப்படியே திரும்ப வாங்குகிறார். விதிப்படி அதைத் தனியாகக் காட்டினால் தன் சர்வீஸ் சார்ஜுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. போட்டால் போதும். எல்லாவற்றையும் கலந்து போட்டால் பில்லும் தப்பு, வரியும் தப்பு. நான் பாடம் நடத்திய எந்த வருடத்திலும் இது என் வகுப்பில் வந்ததில்லை. மண்ணடியிலோ தம்பு செட்டித் தெருவிலோ ஒரு மேஜைக்குப் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வளர்ந்த தொழில். ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1907-ல் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி வேலூர் சிறையில் ஓராண்டு இருந்தவர். வெளியே வந்து, 1933-ல் அரசின் அக்கவுண்டன்சி டிப்ளமோவில் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாது என்று அன்றைய வெள்ளையர் சட்டம் தடுத்தது. வழக்குப் போட்டு வென்றார். 1937 முதல் தனியாகத் தொழில் நடத்தினார்.

அவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை, அதுவும் சிறைக்குப் போய் வந்தவரை, தன் ஆபீஸில் பயிற்சிக்கு எடுக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? சென்னை ஆடிட்டர் சி.எஸ். சாஸ்திரி எடுத்தார். அம்மையாரும் தான் ஏறிய ஏணியை இழுத்துக்கொள்ளவில்லை. 1955 முதல் 1958 வரை சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தார். சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே சிறப்பாகத் தேறும் பெண்ணுக்கு ஒரு பரிசையும் ஏற்படுத்தினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கத்துக்கறான் இல்ல, அப்புறம் சம்பளம் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பையனுக்கு ஃபைல் தூக்கவும், டீ வாங்கவும், ஜெராக்ஸ் எடுக்கவும் ஆள் வேண்டும் என்றால் அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். அனுபவம் என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்குவது பாவம். சம்பளமில்லாமல் கற்றுக்கொள்ள வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். டிரெய்லர் டிரைவர் மகனால் முடியாது. இதனால்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சி.ஏ. பக்கமே திரும்புவதில்லை. பி.காம்.-ல் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு வருடம் வீடு எப்படி ஓடும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை பிள்ளைகளுக்கு. சரக்கே வராத பில்லுக்கு என்ட்ரி போடச் சொல்லி, "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று சொல்லித்தரும் ஆளும் இருப்பார். அவர் குரு அல்ல. அங்கிருந்து அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். பெயர் ஒரு தடவை கெட்டால் இந்தத் தொழிலில் திரும்ப வராது.

சரி, அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன்?

இந்த வேலைக்குப் போ, அந்த வேலைக்குப் போ என்று இந்த முறை சொல்லவில்லை. "இதுவரைக்கும் என்னென்ன வேலை தனியா முடிக்கிறன்னு ஒரு தாள்ல எழுதிக்கோ. அதைக் காட்டிச் சம்பளம் கேளு. பரீட்சைக்கு லீவு கேளு. யார்டுக்கும் போய், அங்க யாரு சொல்லித்தருவாங்கன்னு கேளு" என்றேன். போய்க் கேட்டான். யார்டில், "சொல்லித்தர என்ன இருக்கு? நம்பர் அடிக்கணும், அவ்வளவுதான்" என்றார்களாம். ஆடிட்டர் ஆபீஸில் 8,500 ஆக்கியிருக்கிறார்கள். செமஸ்டருக்கு லீவும் உண்டு. வரும் ஏப்ரலிலிருந்து இரண்டு பார்ட்டிகளின் கணக்கை அவனே முதலிலிருந்து கடைசி வரை பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் 14,000-க்கும் 8,500-க்கும் நடுவே மாதம் 5,500 ரூபாய் இடைவெளி நிற்கிறது. அவன் அப்பா ஒரு வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வருடத்தின் பாரம் அவர் தலையில். இந்த 5,500 ரூபாயில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால் என் பழைய மாணவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்தான். உங்கள் ஆபீஸில் டோல்கேட், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளை ஒருவருக்கு இடம் கொடுங்கள். குடும்பம் தாங்கும் அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். வாரம் அரை மணி நேரம் அவர்கள் போட்ட கணக்கை அவர்களையே பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக் கொடுங்கள். என்ட்ரி, பிறகு பேங்க் ரீகன்சிலியேஷன், பிறகு ரிட்டர்ன், பிறகு பேலன்ஸ் ஷீட். இவ்வளவுதான்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் பிள்ளையைப் பார்த்து, "என்னப்பா, வெறும் எட்டாயிரமா?" என்று கேட்காதீர்கள். "யார்கிட்ட கத்துக்கிற?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே, ஒரு சின்ன நோட்டு வாங்கி, உங்களைத் திருத்திய ஒவ்வொரு தவறையும் தேதி போட்டு எழுதுங்கள். வருடக் கடைசியில் அதைப் புரட்டிப் பாருங்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று சம்பளச் சீட்டைவிட அது நன்றாகச் சொல்லும்.

இடம் கொடுக்க முடிந்தவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். நம்பர் பழையதுதான். ஒரு பிள்ளைக்கு நான் சொன்ன தப்பான வழியை இனித் திருத்த முடியாது. இன்னும் நாலு பிள்ளைகளுக்காவது சரியான மேஜையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.