ஏரிக்கரையில் மீன் வறுவல்

பெசன்ட் நகர் பீச்சுல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வச்சு, மசாலா தடவின வஞ்சிரத்தை கல்லுல புரட்டிப் போட்டு, நறுக்கின வெங்காயமும் எலுமிச்சம்பழமும் வச்சு தருவாங்களே, அந்த சுகத்துக்கு முன்னாடி எந்த ஏசி ஓட்டலும் நிக்காது. இதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. பாதி ருசி மசாலாவுல. மீதி ருசி, எதிர்ல தெரியற தண்ணியில. "இங்க பிடிச்சதை இங்கயே திங்கிறோம்"ங்கிற நினைப்பு இருக்கே, அதுல. (அந்த மீன் காசிமேட்டுலேர்ந்து ஆட்டோவுல வந்திருக்கலாம். அது வேற விஷயம் :-))

இதே நினைப்போட போன மாசம் நாலு பேரா கொடைக்கானல் போனோம். ஏரியைச் சுத்தி வந்ததுல பசி. ஒரு சின்ன கடையில தட்டு நிறைய சிவப்பா மீன் அடுக்கியிருந்தாங்க.

"அக்கா, ஏரி மீனா?"

"இல்ல தம்பி, கடல் மீனு. கீழேர்ந்து ஐஸ் பொட்டில வருது."

கூட வந்த நண்பன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "7000 அடி ஏறி வந்து ஐஸ்ல வச்ச கடல் மீனாடா? கண்ணு முன்னாடி இவ்ளோ பெரிய ஏரி இருக்கே!"

அவன் பக்கம் நியாயம் இருக்குற மாதிரிதான் தெரியும். ஆனா நான் அந்த அக்கா கட்சி. ஏன்னு சொல்றேன்.

இந்த ஏரி இயற்கையா வந்தது இல்லை. மதுரை கலெக்டரா இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863ல ஓடைகளை மறிச்சு உண்டாக்கினது. சுமார் 60 ஏக்கர். மீன் விட்டதும், தூத்துக்குடியிலேர்ந்து படகு கொண்டு வந்ததும் அவர்தான். ஆக, ஏரிக்கரையில மீன் திங்கிற ஆசை வெள்ளைக்காரன் காலத்து ஆசை. தப்பில்லை.

சிக்கல் பின்னாடி வந்தது. 1980கள்ல இங்க ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டின கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பக்கம் பழைய இரும்புக்கடையில கிடக்குதுன்னு 2001ல போராட்டம் வெடிச்சு, அதே வருஷம் ஆலையை மூடினாங்க. தொழிலாளர் உடம்புக்கு ஆலையால பாதிப்பில்லைன்னு கம்பெனி சொல்லிட்டே இருந்தது. 2016ல 591 முன்னாள் தொழிலாளர்களோட உடன்பாட்டுக்கு வந்தது. இதெல்லாம் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான்.

அதிகம் பேசப்படாதது மீன் கதை. ஐதராபாத்துல இருக்குற அணுசக்தித் துறை ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2006ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கொடை ஏரி மீன்கள்ல கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம். ஏரி மாசுபட்டதுக்கு ஆலையிலேர்ந்து வந்த பாதரசம்தான் காரணம்னும் எழுதினாங்க.

உடனே பயமுறுத்துறான்னு அடிக்க வராதீங்க. பல நாடுகள் மீனுக்கு வச்சிருக்குற பொதுவான வரம்பு கிலோவுக்கு 500. அதுக்குக் கீழதான் இருக்கு. அப்ப பிரச்சினையே இல்லையான்னா, யார் எவ்ளோ திங்கிறாங்கன்னு பார்க்கணும். ஏரிக்கு அடியில படிஞ்ச பாதரசத்தை பாக்டீரியா மெத்தில் மெர்க்குரியா மாத்தும். அது பாசி, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலயும் கூடிக்கிட்டே போகும். மீன்ல இருக்குற பாதரசத்துல பெரும்பகுதி இந்த வகைதான். கழுவினாலும் போகாது, பொரிச்சாலும் போகாது.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைச்ச நிபுணர் குழு சொல்ற அளவு, உடம்பு எடை கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். நமக்குத்தான் கணக்கு போடலைன்னா தூக்கம் வராதே. 15 கிலோ குழந்தைக்கு வாரம் 24. அந்த ஆய்வுல வந்த அதிக அளவை எடுத்தா, 100 கிராம் மீன்லயே 29. ஒரே வேளையில வார ரேஷன் காலி. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு துண்டு திங்கிற நண்பனுக்கு ஒண்ணும் ஆகாது. தூண்டில்ல மாட்டினதை வாராவாரம் குழம்பு வைக்கிற உள்ளூர் வீட்டுக்கு, அதுலயும் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும், அது ஆகாது.

அதனால என் கருத்து ரெண்டு. ஒண்ணு, "ஃப்ரெஷ்ஷா?"ன்னு மட்டும் கேட்குறதை நிறுத்துவோம். "எந்தத் தண்ணி மீன்?"னு கேட்போம். கண்ணு முன்னாடி பிடிச்சதுங்கிறதுக்காக அது நல்ல மீன் ஆயிடாது.

ரெண்டு, படகுக் கட்டணம் எவ்ளோன்னு ஏரிக்கரையில போர்டு வைக்கத் தெரியுதுல்ல? அது பக்கத்துலயே, இந்த வருஷம் மீனைச் சோதிச்சோம், இவ்ளோ பாதரசம், இன்னார் சாப்பிட வேண்டாம்னு தமிழ்ல ஒரு போர்டு வைக்கணும். வருஷா வருஷம் எண்ணை மாத்தணும். எண் குறைஞ்சிருந்தா சந்தோஷம், அன்னிக்கு நானே முதல் ஆளா ஏரி மீன் கேட்குறேன்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேட்குறீங்களா? அந்த அக்காகிட்ட ஆளுக்கு ரெண்டு துண்டு சங்கரா வாங்கினோம். குளிர்ல சுடச்சுட, சும்மா சொல்லக்கூடாது, அருமை. மூஞ்சி தொங்கின நண்பன் மட்டும் நாலு.