எண்ணெய் இவர்களுடையது அல்ல... ஆனால் முதல் அடி இவர்களுக்குத்தான்! - ஹாலிபர்ட்டன் சந்தித்த சோதனைகள்

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களின் கணக்கு ரொம்பத் தெளிவானது. தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் சரி, வெறும் புகை பறந்தாலும் சரி, கூலி அடிக்கணக்கில்தான். கிடைத்தால் சந்தோஷம் தோட்டக்காரருக்கு, கிடைக்காவிட்டால் வருத்தமும் அவருக்கே. வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

பெட்ரோலிய உலகிலும் இப்படிக் கூலிக்கு வேலை செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. கிணறும் அவர்களுடையது அல்ல, எண்ணெயும் அவர்களுடையது அல்ல. துளையிடும் கருவிகள், குழாயைச் சுற்றி இறுக்கும் சிமென்ட், பாறையைப் பிளக்கும் ராட்சத பம்ப்புகள், இவற்றோடு ஆட்களையும் அனுப்பி வேலையை முடித்துக் கொடுப்பார்கள். எஸ்.எல்.பி (பழைய பெயர் ஸ்லம்பர்ஜர்), ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் ஆகிய மூன்றும் இந்தத் தொழிலின் பெரிய தலைகள்.

கேட்பதற்குப் பாதுகாப்பான பிசினஸ் போலத்தான் தெரியும். ஆனால், அமெரிக்காவின் ஹாலிபர்ட்டன் பட்ட பாடு வேறு கதை சொல்கிறது.

எர்ல் ஹாலிபர்ட்டன் என்பவர் 1919-ல் தொடங்கிய கம்பெனி இது. இரவல் வாங்கிய ஒரு வண்டி, கோவேறு கழுதைகள், ஒரு பம்ப். அவ்வளவுதான் முதலீடு. எண்ணெய்க் கிணறுகளுக்கு சிமென்ட் இறக்கும் வேலையைத்தான் செய்தார். 91 ஆண்டுகள் கழித்து கம்பெனியின் பெயரை உலகம் முழுக்க நாறடித்ததும் அதே சிமென்ட் வேலைதான்.

கடலுக்கு அடியில் ஒரு சிமென்ட் வேலை

எண்ணெய்க் கிணற்றில் துளை போட்டதும் இரும்புக் குழாயை இறக்குவார்கள். குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சிமென்ட் குழம்பை அனுப்பி அடைக்க வேண்டும். அடைப்பு சரியில்லை என்றால், கீழே அழுத்தத்தில் இருக்கும் வாயு மேலே ஏறிவிடும்.

மெக்சிகோ வளைகுடாவில் 'மகோண்டோ' என்ற கிணறு. உரிமையாளர் பி.பி. மிதக்கும் மேடையான 'டீப்வாட்டர் ஹொரைசன்' டிரான்ஸ்ஓஷன் கம்பெனியுடையது. சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டனுக்கு. 2010 ஏப்ரல் 20 இரவு வாயு மேலேறி மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். இரண்டு நாளில் மேடையே கடலில் மூழ்கியது. எண்ணெய்க் கசிவை நிறுத்த 87 நாள்கள் ஆயின.

கிட்டத்தட்ட இதே கலவையில் செய்த சிமென்ட் நிலையாக நிற்காது என்று சோதனைக்கூட முடிவு முன்பே காட்டியிருந்தது. அது ஹாலிபர்ட்டனிடமும் இருந்தது, பி.பி-யிடமும் இருந்தது. இருவருமே கண்டுகொள்ளவில்லை என்றது, அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணைக் குழு.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. குழாயைத் துளையின் நடுவில் நிறுத்த வளையங்கள் மாட்டுவார்கள். 21 வளையங்கள் வேண்டும் என்று ஹாலிபர்ட்டன் சொன்னது. பி.பி மாட்டியது 6. 'நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை' என்று வாதாட நல்ல வாய்ப்பு! ஆனால், விபத்துக்குப் பிறகு ஹாலிபர்ட்டன் தனக்குள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது 6-க்கும் 21-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. அந்த முடிவுகள் அழிக்கப்பட்டன. ஆதாரத்தை அழித்த குற்றத்தை 2013-ல் கம்பெனி ஒப்புக்கொண்டது. அபராதம் வெறும் 2 லட்சம் டாலர். சட்டத்தில் அதற்கு அவ்வளவுதான் இடம் இருந்தது.

2014-ல் நீதிபதி பொறுப்பைப் பிரித்தார். பி.பி 67 சதவிகிதம், டிரான்ஸ்ஓஷன் 30, ஹாலிபர்ட்டன் 3. அதற்குச் சில நாள்கள் முன்பே 110 கோடி டாலர் தருவதாக ஹாலிபர்ட்டன் சமரசம் பேசி முடித்திருந்தது. பி.பி-க்கு ஆன மொத்தச் செலவு 6,500 கோடி டாலரைத் தாண்டியது. அதோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

காரணம், வேலைக்கு முன் போட்ட கான்ட்ராக்ட். கிணற்றிலிருந்து எண்ணெய் கசிந்து அடுத்தவருக்கு நஷ்டம் ஏற்பட்டால், கிணற்றுக்காரர்தான் அதை ஏற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான ஷரத்து. தண்டனையாக விதிக்கப்படும் தொகைக்கு இது பொருந்தாது. மற்ற இழப்பீடுகளுக்குப் பொருந்தும் என்று நீதிமன்றமும் சொன்னது. இந்த ஒரு ஷரத்து இல்லை என்றால், இவ்வளவு ஆபத்தான வேலைக்கு யாருமே வண்டி எடுக்க மாட்டார்கள்.

விலை விழுந்தால்?

11 உயிர்களைப் பலிவாங்கிய விபத்திலிருந்துகூட கம்பெனியை கான்ட்ராக்ட் காப்பாற்றியது. ஆனால், கச்சா எண்ணெய் விலைச் சரிவிலிருந்து காப்பாற்ற எந்த ஷரத்தும் இல்லை.

2014-ன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. எண்ணெய்க் கம்பெனிக்கு ஏற்கெனவே ஓடும் கிணறு இருக்கிறது. குறைந்த விலைக்காவது விற்றுக்கொள்ளும். அது முதலில் நிறுத்துவது புதுக் கிணறுகளை. புதுக் கிணறு இல்லை என்றால் சர்வீஸ் கம்பெனிக்கு வேலையே இல்லை. மிஞ்சிய வேலைக்கும் 'ரேட்டைக் குறைங்க' என்று நெருக்குவார்கள். கடன் வாங்கி வாங்கிய பம்ப்புகள் யார்டில் துருப்பிடிக்கும்.

2014-ல் 80,000 பேருக்கு மேல் வேலை பார்த்த ஹாலிபர்ட்டனில், 2016 முடிவில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். 2020-ல் கொரோனா வந்தபோது ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை மைனஸ் 37 டாலருக்கே போனது. 'எடுத்துக்கொண்டு போங்கள், காசும் தருகிறோம்' என்ற நிலை! அந்த ஆண்டு முடிவில் ஊழியர்கள் எண்ணிக்கை சுமார் 40,000 ஆகியிருந்தது. ஆறே ஆண்டுகளில் பாதி!

சரிவைச் சமாளிக்க ஹாலிபர்ட்டன் போட்ட திட்டமும் திருப்பி அடித்தது. போட்டியாளரான பேக்கர் ஹியூஸை சுமார் 3,460 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2014 நவம்பரில் அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் போட்டியே இருக்காது என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட, 2016 மே மாதம் கல்யாணம் நின்றுபோனது. ஒப்பந்தப்படி பேக்கர் ஹியூஸுக்குக் கொடுத்த தொகை 350 கோடி டாலர். மகோண்டோ சமரசத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

வாங்கியதிலும் அடிபட்ட அனுபவம் அதற்கு முன்பே உண்டு. 1998-ல் டிரெஸ்ஸர் என்ற கம்பெனியை வாங்கியபோது, அதன் பழைய ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளும் சேர்ந்தே வந்தன. அதைத் தீர்க்க 400 கோடி டாலருக்கு மேல் ஆனது.

'அமெரிக்காவை மட்டும் நம்பாமல் வெளிநாடு போகலாமே' என்று தோன்றும். போனார்கள், இப்போது வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. வெனிசுலாவில் வேலை செய்த கூலிக்குப் பணம் வரவில்லை, கடன் பத்திரம்தான் வந்தது. 2018-ல் அங்கே மிச்சமிருந்த 31.2 கோடி டாலர் முதலீட்டையும் நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பரில் அந்த பிசினஸை வாங்கியவர்கள், ஹாலிபர்ட்டனில் முன்பு வேலை பார்த்த உள்ளூர் நிர்வாகிகளே.

இத்தனைக்கும் பிறகு ஒரு விஷயத்தில் கம்பெனி உஷாராகியிருக்கிறது. ஒரு காலத்தில் விலை ஏறினால் போதும், பம்ப்புகளை வாங்கிக் குவித்துவிட்டு வேலை தேடுவார்கள். இப்போது மின்சாரத்தில் ஓடும் புதிய பம்ப் செட்டுகளைப் பல ஆண்டு கான்ட்ராக்ட் கைக்கு வந்த பிறகே களத்தில் இறக்குகிறார்கள்.