கம்பைலர் மேல பழி போடும் கனவான்களே!

"-ஓ0 போட்டா ஓடுது, -ஓ2 போட்டா புட்டுக்குது. ஜிசிசில பக் இருக்கு பாஸ்!"

சி ப்ரோக்ராம் நடுவுல நாலு வரி அசெம்ப்ளியைச் சொருகிட்டு, நம்ம பொட்டி தட்டுற மக்கள் பேசுற வசனம் இது. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பக் இருக்குதான். ஆனா அது பெரும்பாலும் ஜிசிசில இல்லைங்கண்ணா, நீங்க எழுதின அந்த நாலு வரியில இருக்கு.

மேட்டர் இதுதான். மேற்கோள் குறிக்குள்ள நீங்க எழுதுற அசெம்ப்ளிய ஜிசிசி புரிஞ்சுக்கிறதே இல்லை. எத்தனை வரின்னு எண்ணி நீளத்தை உத்தேசமா கணக்குப் போடும், அவ்ளோதான். அது நம்புறது கோலன் போட்டு நீங்க கொடுக்கிற மூணு பட்டியலை மட்டுமே: எந்த வேரியபிள்ல எழுதுவேன், எதைப் படிப்பேன், வேற எதையெல்லாம் கலைப்பேன். அது ஒரு வாக்குமூலம். பொய் வாக்குமூலம் கொடுத்துட்டு தீர்ப்பு தப்புன்னு கூவினா எப்படி?

வழக்கமா சொல்ற பொய்கள்:

1. வேரியபிளைப் படிச்சு, அதுலயே திருப்பி எழுதுறது; ஆனா "=ஆர்"னு மட்டும் போடுறது. பழைய மதிப்பு தேவையில்லைன்னு கம்பைலர் அந்த ரெஜிஸ்டர்ல குப்பையை விட்டு வைக்கும். அங்க வேண்டியது "+ஆர்".

2. இன்புட்னு மட்டும் சொன்ன ரெஜிஸ்டரை உள்ள மாத்துறது. பழைய மதிப்பு அப்படியே இருக்குன்னு நம்பி கம்பைலர் அதையே அடுத்த வரியிலயும் எடுத்துக்கும்.

3. எல்லா இன்புட்டையும் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே அவுட்புட்ல எழுதுறது. ரெண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டரைக் கொடுக்க கம்பைலருக்கு உரிமை இருக்கு. "=&ஆர்"னு அந்த ஒரு எழுத்தைச் சேர்த்தாதான் பிரிச்சு வைக்கும்.

4. பாயிண்டரை இன்புட்டா கொடுத்து, அது காட்டுற இடத்துல எழுதுறது. நீங்க கொடுத்தது விலாசம் மட்டும்தான். வீட்டுக்குள்ள சாமானை மாத்துவேன்னு சொல்லவே இல்லையே! கலைப்புப் பட்டியல்ல "மெமரி" போடணும்; இல்லைன்னா அந்த இடத்தையே "=எம்" அவுட்புட்டா கொடுக்கணும்.

இதுக்கெல்லாம் மருந்துன்னு நம்மாளுங்க பூசுறது வாலட்டைல். அது என்ன விபூதியா? 'இந்தத் துண்டைத் தேவையில்லைன்னு தூக்கிடாதே'ங்கிறதுதான் அதோட முக்கியமான வேலை. எந்த ரெஜிஸ்டர் நாசமாச்சு, எந்த மெமரி மாறுச்சுன்னு அது ஒரு வார்த்தை சொல்லாது.

நிஜமா வயிறு எரியுறது காப்பி-பேஸ்ட் சமாச்சாரத்துக்கு. சைக்கிள் எண்ண ஆர்டிடிஎஸ்சி கட்டளைக்கு "=ஏ"ன்னு கேப்பிடல் ஏ போட்ட துண்டு ஒண்ணு சுத்திட்டிருக்கு. 32 பிட்ல அதுக்கு ஈடிஎக்ஸ், ஈஏஎக்ஸ் ரெண்டும் சேர்ந்த ஜோடின்னு அர்த்தம், கச்சிதமா ஓடும். 64 பிட்ல அதே எழுத்துக்கு ரெண்டுல ஏதோ ஒண்ணுன்னு அர்த்தம். ஆக பாதி எண் காலி. போதாததுக்கு இன்னொரு ரெஜிஸ்டர் கம்பைலருக்குத் தெரியாமலே நாசம். 3 கிகாஹெர்ட்ஸ்ல 32 பிட் கணக்கு ஒரு சுத்து வர ஒன்றரை விநாடி கூட ஆகாது. சின்ன டெஸ்ட்ல பெரும்பாலும் சரியா காட்டும், நீளமா ஓட்டினா பொய் சொல்லும். எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. அந்த எண்ணை நம்பி 'என் கோட்தான் வேகம்'னு மார்தட்டுறவங்களை என்ன சொல்ல?

சரியான வழி: ஸ்மால் ஏ-ல ஒரு வேரியபிள், ஸ்மால் டி-ல ஒரு வேரியபிள், ரெண்டாவதை 32 பிட் இடப்பக்கம் தள்ளிச் சேர்க்கணும். அதைவிட நல்ல வழி, இதுக்குன்னே கம்பைலர் தர்ற ரெடிமேட் ஃபங்ஷனைக் கூப்பிடறது. அப்படி ஒண்ணு இருக்கிற இடத்துல கையால அசெம்ப்ளி எழுதுறது வீரம் இல்லை, வீம்பு.

எழுதியே தீருவேன்னா எழுதுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு கட்டளையும் எதைத் தொடுதுன்னு பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க. -ஓ2-ல -எஸ் போட்டு என்ன வந்திருக்குன்னு கண்ணால பாருங்க. அதுக்கப்புறமும் ஜிசிசி தப்புன்னா வாங்க, சேர்ந்தே திட்டுவோம்.

டிஸ்கி: 'விஷுவல் சி-ல வேரியபிள் பேரை நேரா எழுதலாமே'ன்னு கிளம்புறவங்களுக்கு: அது 32 பிட் எக்ஸ்86 சமாச்சாரம். 64 பிட்ல அங்க இன்லைன் அசெம்ப்ளியே கிடையாது சாமி!