இரட்டையரும் இருவரே!

எனிட் பிளைட்டனின் 'செயின்ட் கிளேர்ஸ்' கதைகளை விரும்பிப் படிக்காத தோழியர் நம்மில் குறைவு. 1941 முதல் 1945 வரை ஆறு நூல்களாக வெளிவந்த அவ்வரிசையின் நாயகியர் பாட், இசபெல் என்னும் இரட்டைச் சகோதரியர். கதை சுவையானதே. ஆயினும், பல பக்கங்களில் இருவர் பெயரையும் மாற்றிப் படித்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. முடிவில் பள்ளித் தலைவி பதவிகூட இருவருக்கும் சேர்த்தே கிடைக்கிறது!

எரிக் கேஸ்ட்னர் 1949-இல் எழுதிய ஜெர்மானியக் கதையில் வரும் லூயிசேயும் லோட்டேயும் அப்படியல்லர். முகம் ஒன்று, குணம் இரண்டு. லூயிசே துடுக்கானவள், லோட்டே பொறுப்பானவள். இடம் மாறிச் சென்றதும், சமைக்கத் தெரியாத லூயிசே தாயின் வீட்டில் திண்டாடுகிறாள். 1965-இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' திரைப்படத்திற்கு மூலம் இக்கதையே.

எனக்கு ஏன் இந்த அக்கறை? நானும் இரட்டையரில் ஒருத்தி. என் அக்காள் ஏழு நிமிடம் மூத்தவள். அவளுக்குக் கணக்கு, எனக்குக் கவிதை. ஆனால், பிறந்தநாளுக்கு உறவினர் தருவதோ இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்! கதைகளும் எங்களை ஒருத்தியாகவே காட்டினால், பிறர் எப்படி இருவராகக் காண்பர்?

அன்புத் தோழியரே, இனி இரட்டையரைக் கண்டால், "நீ அவளா, இவளா?" என்று கேளாதீர்கள். அவளுடைய பெயரைக் கேளுங்கள். அதுவே எங்களுக்கு நீங்கள் தரும் சிறந்த பரிசு.