மாண்ட பின் வந்த பதக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இறந்தவருக்குப் பதக்கம் அளிப்பதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று சென்ற இதழில் ஓர் அன்பர் வினவியிருந்தார். அவருக்கு ஹென்றி ஜான்சனின் சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

அமெரிக்கக் கறுப்பினப் படைவீரரான ஜான்சன், 1918 மே மாதத்து நள்ளிரவொன்றில், பிரான்ஸின் ஆர்கான் வனப் பகுதியில் காவல் நின்றபோது, ஜெர்மானியர் கூட்டமாக வந்து சூழ, துப்பாக்கி பயனற்றுப் போனதும் அதன் அடிக்கட்டையாலும், பின்னர் கத்தியாலும் போராடி, காயமுற்றுக் கிடந்த தோழரைப் பகைவர் தூக்கிச் செல்லாவண்ணம் காத்தார். பிரெஞ்சு அரசாங்கம் விருதளித்துப் போற்றிற்று. தாய்நாட்டு ராணுவமோ, 1929-இல் அவர் கண்மூடும் வரையில் ஒரு பதக்கமும் ஈந்ததில்லை. 1996-இல் காயமுற்றோர்க்குரிய பதக்கமும், 2002-இல் அதனினும் உயர்ந்ததொன்றும் கிடைத்தன; தளபதி பெர்ஷிங் போர்க்களத்திலிருந்து அனுப்பிய பழைய செய்தி ஆவணக் குவியலில் அகப்பட்டது பெருந்துணையாக, 2015-இல் அந்நாட்டின் தலையாய வீர விருதும் வந்து சேர்ந்தது.

இவ்வாறே ராணுவப் பதிவேட்டின் பிழையைத் திருத்துமாறு மறைந்த வீரரின் வாரிசுகளும் மனுச் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்திருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ, ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகளைச் சாம்பலாக்கிவிட்டமையால், பல குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டியடியில் மஞ்சளித்துக் கிடக்கும் விடுவிப்புப் பத்திரமே சாட்சியாக எஞ்சியிருக்கிறது. அதனைப் பத்திரமாகப் பேணுவது சந்ததியாரின் கடமையன்றோ?

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்