ஒரு பொருள் ஒரு கதை: கடனுக்காகக் கைமாறிய வீரவாள்!

வீட்டில் பணக்கஷ்டம் வந்தால் பீரோவிலிருந்து முதலில் வெளியே வருவது எது? நகைதானே! அமெரிக்க முன்னாள் அதிபர் ஒருவர் வீட்டிலிருந்து வெளியே போனவை, அவருக்குப் பரிசாக வந்த வீரவாள்கள்.

அவர் யுலிசிஸ் எஸ். கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வழிநடத்தி ஜெயித்தவர். 1869 முதல் 1877 வரை அதிபராக இருந்தவர்.

அந்தக் காலத்தில், போரில் ஜெயித்த அதிகாரிக்கு ஊர்மக்களே காசு சேர்த்து அலங்கார வாள் பரிசளிப்பார்கள். சண்டைக்கு அல்ல, மரியாதைக்கு! இலினாய் மாகாணத்தின் ஜோ டேவிஸ் கவுன்ட்டி மக்கள் கிராண்டுக்குக் கொடுத்த வாளின் உறையில், அவர் பங்கேற்ற போர்களின் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். போருக்கு முன்பு, அந்தப் பகுதியில் இருந்த அப்பாவின் தோல் கடையில்தான் கிராண்ட் வேலை பார்த்தார். அதனால் அது சொந்த ஊர் கொடுத்த பரிசு மாதிரி.

1864-ல் நியூயார்க்கில் நடந்த பொருட்காட்சியில் ஒரு வாளுக்காக வாக்கெடுப்பே நடந்தது. ஓர் ஓட்டுக்கு ஒரு டாலர். வசூல், ராணுவ வீரர்களின் மருத்துவ உதவிக்கு. மெக்லெல்லன் என்ற தளபதியைத் தோற்கடித்து அந்த வாளை வென்றார் கிராண்ட்.

ஆனால், 1865 ஏப்ரல் 9 அன்று எதிரணித் தளபதி லீ சரணடைய வந்தபோது, லீ இடுப்பில் அழகான வாள் தொங்கியது. சேறு படிந்த உடையில் வந்த கிராண்டிடம் வாளே இல்லை. லீயின் வாளையும் அவர் கேட்கவில்லை.

1884-ல் விழுந்தது அடி. மகனும் அவரும் பங்குதாரர்களாக இருந்த நிதி நிறுவனத்தை நடத்தியவர் பெர்டினாண்ட் வார்டு. அவசரமாகப் பணம் வேண்டும் என்று அவர் சொன்னதை நம்பி, கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் 1,50,000 டாலர் கடன் வாங்கிக் கொடுத்தார் கிராண்ட். இரண்டே நாளில் நிறுவனம் திவால். அத்தனையும் மோசடி!

'ஏமாற்றியது வார்டுதானே' என்று கிராண்ட் கைவிரிக்கவில்லை. வீடு, நிலத்தோடு வாள்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் வாண்டர்பில்ட்டிடம் ஒப்படைத்தார். வாங்கவே தயங்கிய வாண்டர்பில்ட், பின்னர் அவை நாட்டுக்கே போய்ச் சேர வழிசெய்தார்.

அதே ஆண்டு கிராண்டுக்குத் தொண்டைப் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று, வலியோடு தன் நினைவுகளை எழுதினார். முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23-ல் இறந்தார். மார்க் ட்வைனின் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகம், மனைவி ஜூலியாவுக்குச் சுமார் 4,50,000 டாலர் ஈட்டித் தந்தது.

கிராண்டின் வாள்கள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜெயித்ததற்காக அவர் கைக்கு வந்தவை அவை. ஆனால், அவற்றைக் கொடுத்துவிட்டு நின்றாரே, அந்த நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்கு?

அடுத்த வாரம் இன்னொரு பொருளோடு சந்திப்போம்!