பெயர் வேண்டாத பிராது

பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, நேற்றுக் கலந்து மிஞ்சிய மருந்து இன்று காலையிலும் அறை மூலையில் ஈரம் கோத்துக் கிடப்பதையும், நான்கு பேருக்கென்று சுவரில் எழுதியிருக்கும் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதையும், அதுவும் போதாமல் மரத்தடியில் சாக்கை விரித்துத் திரி செருகுவதையும் கண்ணாரக் கண்டு, இது அபாயம் என்று தன் அனுபவத்தினாலேயே உணர்ந்தாலும், யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்த மாத்திரத்தில் வாயடைத்துப் போகிறாள்.

அந்த மௌனத்தை அறியாமை என்று கருதுவோர் சிவகாசி வட்டாரத்தை அறியாதவர்கள். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதை அவளுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. அவளைத் தடுப்பது பயம். போர்மேன் அதே ஊர்க்காரர். வாங்கிய முன்பணம் இன்னும் அடையவில்லை. பிராது கொடுத்தவள் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த ஆலையின் வேனிலும் அவளுக்கு இடமிராது.

சட்டம் இந்தப் பயத்தை அறியாததன்று. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டபோதே சக தொழிலாளர்கள் முறையிட்டார்கள்; ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லேயே நகரத்தை எச்சரித்து எழுதினார்; அக்குரல்களைக் கேட்பார் இல்லாமற்போனதன் பலனை 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அந்நகரமே அனுபவித்தது. அதன் பிறகுதான், 1987-இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, பாதுகாப்புக் குறைவு குறித்துத் தொழிலாளி நேரடியாக ஆய்வாளரிடம் முறையிடும் உரிமையும், பிராது கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாகக் காக்க வேண்டும் என்ற கடமையும், அதற்கும் மேலாக, பிராதின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்பதையே முதலாளியிடம் அவர் சொல்லலாகாது என்ற விதியும் எழுதிச் சேர்க்கப்பட்டன. எழுதியவர்களுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி, வேறெங்கும் திரும்பாமல், பிராதில் கண்ட ஒரே அறைக்கு நேரே நடந்து போய், மூலையில் கிடக்கும் மருந்தைக் காட்டி விசாரித்துவிட்டுத் திரும்பினால், அவ்வறையில் வேலை செய்பவர் எண்மரில் ஒருத்தியை அனுமானிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வாய் திறக்காதிருந்தும் பயனில்லை. ஆகவே ஒரு பிராது வந்தால் அந்த ஆலை முழுவதையும், கூடவே அதே சாலையிலுள்ள மற்ற ஆலைகளையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. மனுவின் மூலப்பிரதியை அலுவலகம் அலுவலகமாக அனுப்பவும் கூடாது. சிற்றூரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். சாரத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும்.

மொட்டைக் கடிதாசிக்கு மதிப்பில்லை என்பது நம் அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கம். ஒருவர் லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டுக்கு அது நியாயமாக இருக்கலாம். அங்கே சாட்சி வேண்டும். பாதுகாப்புக் குறைவைச் சொல்லும் பிராதுக்கோ சாட்சி அந்த அறையே. சுவரில் எழுதிய எண்ணும் உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, எழுதியவர் பெயர் எதற்கு? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் குடித்த பட்டாசு ஆலை விபத்துக்கு முன்னால் பெயரில்லாத கடிதாசி ஒன்று வந்து, அதை எவரேனும் பொருட்படுத்தியிருந்தால், அவர்களில் சிலரேனும் இன்று நம்மிடையே இருந்திருக்கலாம் என்றே நான் நம்புகிறேன்.

வெடிபொருள் உரிமத்துக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியத் துறை, சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம், தொழிலாளர் நலனுக்கு மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கையில், எது யாருடைய அதிகாரம் என்று ஆராயும் சுமை தொழிலாளியின் தலையில் விழலாகாது. முதலில் மனுவைப் பெற்ற அலுவலகமே மற்றவற்றுக்குத் தெரிவிக்கட்டும். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் முறையிடும் உரிமையை விட்டுவிடவில்லை. ஆயினும் ஆய்வுக்குரிய ஆலையைக் கணினி பொறுக்கியெடுக்கும் ஏற்பாடு அதில் இருப்பதால், பிராது வந்த ஆலை தன் முறைக்காகக் காத்திருக்கும்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்னொன்று, பலரும் கவனியாதது. அபாயமான அறையை அதிகாரி மூடிவிட்டால் அன்றைய கூலி போகும். கூலி போனால் முதலாளியைவிடச் சக தொழிலாளிகளே பிராது கொடுத்தவளை அதிகமாகச் சபிப்பார்கள். மிகுந்த அபாயம் கண்டு வேலையைத் தடைசெய்தால் வேலையிழந்தவர்களுக்குக் கூலி உண்டு என்று அதே 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லியது. தடையுத்தரவு ஒட்டப்படும் ஆலை வாசலிலேயே அந்தக் கூலி எவ்வளவு, எந்த நாளில் கொடுக்கப்படும் என்பதையும் தமிழில் எழுதி ஒட்டி, அது கொடுபட்டதா என்று பார்க்க அதிகாரி ஒருமுறை திரும்பி வரட்டும்.